மூன்று 'லெ' போடும் சக பயணிக்கு

வையாலா, ஆப்பியா.
வெள்ளை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

பரலோகத்திலிருக்கிறவரின் கிருபையாலும், கொல்லையில் நிற்கும் ஈரப்பலா மரத்தின் தயவாலும் குறைவில்லாமல் வாழ்கிற, லியோனே கிராமத்து என் தங்கை தெலேசியாவுக்கு, அதே தாய் வயிற்றில் உனக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்து சேர்ந்த அக்கா மகெரிட்டா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றதில் எல்லாம் இருக்கிறது.

முதலில் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். பெரிய பேரன் சியாவோசி பள்ளி ரக்பி அணியில் சேர்ந்துவிட்டான். தோள் எலும்பு முறிந்தது உண்மை, ஆனால் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் முறிந்தது, அதற்கு நடுவரே சாட்சி. பேத்தி யானெட்டா வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறாள். நான் வரிசையில் நின்று 'கண்ணு' என்று கூப்பிட்டால் 'அடுத்தவர் வரலாம்' என்கிறாள், அவ்வளவு கண்டிப்பு. இரட்டையரில் மூத்தவன் பாட்டுப் போட்டியில் முதல். இளையவன் ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்தான் என்று சான்றிதழ் வாங்கினான். படித்தானா என்று அதில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் சூலு. அவளைக் கடைசியில் சொல்வது இளப்பத்தால் அல்ல, இந்தக் கடிதமே அவளால்தான்.

சூலு பிறந்தபோது முதலில் வாங்கிய கை என் கை. ஐந்து வயது வரை என் பாயில் படுத்தவள். அவள் அம்மா, என் மகள், உங்கள் ஊர் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்ததும், தான் அங்கேயே விடுதியில் தங்கிக்கொண்டு பிள்ளையை உன் வீட்டில் விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது. இந்த வெள்ளை ஞாயிறுக்கு அவள் முதல் தடவை கோயில் முன்னால் தனியாக நின்று வசனம் சொல்லப்போகிறாள். வசனம் முடிந்ததும் பிள்ளைக்குச் சோற்றுத் தட்டை எடுத்துப்போய் வைப்பது பாட்டி. பிள்ளைகள் உட்கார்ந்து தின்ன, பெரியவர்கள் நின்று பரிமாறும் நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். அந்தத் தட்டை யார் தூக்குவது என்பதுதான் தெலேசியா, விஷயம். நீ ஆகஸ்டு மாதம் என்ன எழுதினாய்? 'சூலுவுக்கு ரெண்டே வரி, இதுக்காக நீ கடல் தாண்டி அலையாதே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று எழுதினாய். சின்ன வயசில் என் சீப்பை எடுத்துக்கொண்டு 'உனக்குத்தான் தலைமுடி கம்மியாச்சே' என்று சொன்ன அதே குரல் அந்த வரியில் கேட்டது. அன்றே முடிவு செய்தேன், தனியாக வருகிறேன் என்று. அறுபத்தெட்டு வருஷத்தில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் போகிற முதல் பயணம். முன்னெல்லாம் அவர் இருந்தார், அவர் போன பிறகு பாடகர் குழு நாற்பது பேர் இருந்தார்கள். மூன்று ராத்திரி, அவ்வளவுதான்.

மருமகள் வைசே என்ன செய்தாள் தெரியுமா, என்னைக் கேட்காமலே போனில் 'தனியாகப் பயணம் போவோர்' என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம், அதில் 'அறுபத்தெட்டு வயது அம்மா, ஆப்பியாவிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு, முதல் தடவை, தனியாக, யோசனை சொல்லுங்கள்' என்று போட்டுவிட்டாள். மறுநாள் காலை கோகோ குடித்து முடிப்பதற்குள் நாற்பத்தேழு பேர்.

"அத்தை, ஒத்தையாப் போறீங்க, நாலு பேரைக் கேட்டுக்கறது நல்லதுதானே?"

"நாலு பேருன்னா நாலு பேரு. நாப்பத்தேழு எதுக்குடி? இதுல ஒருத்தனுக்காவது மூஞ்சி இருக்கா பாரு. ஒண்ணு பூனை, ஒண்ணு மோட்டார் சைக்கிள், ஒண்ணு பன்னி."

"பன்னிப் படம் போட்டவரு பெரிய ஆளு அத்தை. பன்னண்டு நாடு தனியாவே போயிருக்காரு."

"பன்னண்டு நாட்டுலயும் அவனை ஏன் இருக்க விடலைன்னு கேளு."

கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் வாசித்தாள். பன்றி சொல்கிறது, விமானத்தில் ஏறுமுன் ஆளையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார்கள், அதனால் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்து என்று. நான் பட்டினி கிடந்தால் அவனுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன், இன்னும் பிடிபடவில்லை. பூனை, கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை போடச் சொல்கிறது. அரை மணி நேரப் பயணம், காலுறையை இழுத்து மாட்டுவதற்குள் உங்கள் பாங்கோ விமான நிலையம் வந்துவிடும். ஒருத்தி இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறு என்கிறாள், அந்தக் குட்டி விமானத்தில் எங்கே போய் இறக்குவது என்று சொல்லவில்லை. ஒருவன் சேப்பங்கிழங்கு கொண்டுபோ என்கிறான், இன்னொருவன் கொண்டுபோகாதே, அதிகாரி பிடுங்கித் தின்றுவிடுவான் என்கிறான், அந்த அதிகாரியே இவன்தானோ என்று எனக்குப் பட்டது. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று ஒருவன் கேட்டானே, அவனுக்கு என் அறை நம்பர் வேண்டுமாம்! 'அண்ணன் தம்பி ஆறு பேர் வாசலில் கத்தியோடு நிற்பார்கள் என்று எழுது' என்றேன். வைசே சிரித்த முகம் ஒன்றை மட்டும் அனுப்பினாள். அதன் பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்தே வைக்கிறாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

இனி நாள் விஷயம். இங்கே திங்கள் என்றால் உங்களுக்கு ஞாயிறு. முன்பு நமக்குள் ஒரே நாள்தான் இருந்தது. எங்கள் அரசாங்கம் இந்த நாட்டைத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியபோது டிசம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை, அப்படியே காணாமல் போயிற்று. அது என் பிறந்தநாள். வியாழக்கிழமை படுத்தேன், எழுந்தால் சனி, கேக்கும் இல்லை, வயசு மட்டும் ஏறிவிட்டது. அதிலிருந்து காலண்டரை நான் நம்புவதில்லை. மோட்டார் சைக்கிள் சொன்ன யோசனை மட்டும் நன்றாயிருந்தது: 'பாட்டி, ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல பாத்துட்டு, திங்க காலைல முதல் விமானம் ஏறுங்க. அங்க ஞாயித்துக்கிழமை காலைல இறங்குவீங்க. ரெண்டு ஞாயிறும் உங்களுக்கு.' திங்கட்கிழமைக்கே சீட்டு வாங்கினேன்.

அப்போதுதான் வந்தது 'கடல்காற்று'. படம் ஒரு வெள்ளை அரளிப்பூ. மற்றவர்கள் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள், இது மட்டும் தினம் வந்தது. 'அம்மா திங்கட்கிழமைதான் போக வேண்டும், அதற்கு முன்னால் போகவே கூடாது.' 'ஞாயிறு அன்று அம்மா தன் ஊர்க் கோயிலில் முன் வரிசையில் இருப்பது நல்லது.' 'முன்னால் போனால் இடது முட்டி தாங்காது.' ஏனம்மா, நான் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதச் சொல்லவில்லையே, அதுவும் இடது என்று இந்த அரளிப்பூவுக்கு யார் சொன்னது? மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை நானே வாங்கிப் பார்த்தேன். 'வாலெலெலெயில் காலை நீட்ட இடம் இல்லை' என்று இருந்தது. தெலேசியா! விமானத்துக்கு நம் பாஷையில் வாலெலெ, இரண்டு லெ. மூன்று லெ போட்டு எழுதுகிறவர்கள் கடல் சூழ்ந்த இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். ஒரே பலகையில் உட்கார்ந்து நான்தான் உனக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றேன், நீ எட்டு வரை போனாய், வாத்தியார் பிரம்பு இரண்டு உடைந்தது, அந்த மூன்றாவது லெ மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே புரிந்துகொண்டேன். திங்கள் வா என்றால், அதற்கு முன்னால் அங்கே ஏதோ நடக்கிறது. வசனத்தை சனிக்கிழமையே வைத்துவிட்டீர்களா? தட்டை நீ தூக்கிவிட்டு, நான் வரும்போது காலி இலையைக் காட்டப் போகிறாயா? அவள் உன்னைப் பாட்டி என்று கூப்பிடுகிறாளா? இந்தக் கடைசிக் கேள்வியை மூன்று தடவை எழுதி அடித்தேன், நான்காவது தடவை அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று மார்க்கெட் போகிறேன் என்று வைசேயிடம் சொல்லிவிட்டு நேராக விமான அலுவலகம் போனேன். சீட்டை சனிக்கிழமைக்கு மாற்று என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சனிக்கிழமை போனா வெள்ளிக்கிழமை போய் இறங்குவீங்க, பெரியம்மா. பரவால்லையா?"

"எங்கிட்டேருந்து ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துட்டாங்கம்மா. திருப்பித் தர்றீங்கன்னா வாங்கிக்கறேன்."

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாளை விடியலில், பிள்ளைகள் எழுமுன், பெட்டியோடு பஸ் ஏறிவிடுவேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை, நானே கொண்டு வருகிறேன். நேரில் பேசினால் நீ அழுது ஜெயித்துவிடுவாய், எப்போதும் அப்படித்தான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், நீ வாய் திறக்காமல் கடைசி வரை படி.

உன் வீட்டுக்கு ஆசீர்வாதம். உன் கோழிகளுக்கும் கூரைக்கும் ஈரப்பலா மரத்துக்கும் ஆசீர்வாதம். சூலுவின் உச்சியில் என் முத்தம். உனக்குரிய ஆசீர்வாதத்தைக் கையில் வைத்திருக்கிறேன், பதிலைக் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
முதலில் பிறந்த
மகெரிட்டா

பின்குறிப்பு. இதுவும் வெள்ளிக்கிழமைதான். மேலே உள்ளதை நேற்று வெள்ளிக்கிழமை எழுதினேன், இதை இன்று வெள்ளிக்கிழமை, லியோனேயில், உன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு பூட்டியிருக்கிறது. கோழிகள் மட்டும் இருக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். தராசில் என்னை நிறுத்தினார்கள். எடையை அந்தப் பையன் எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டு, "இந்த எடைக்கு நடுவுல ரெண்டாவது சீட்டு, பாட்டி" என்றான். பாங்கோவிலிருந்து வந்து அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்ட விமானம். நான் உட்கார்ந்த இருக்கை இன்னும் சூடாக இருந்தது. யாரோ என்னைப்போல ஒரு தாட்டியான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வந்து உன் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டு அம்மாள் கோழித் தீவனத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐயோ, மகெரிட்டா அக்காவா? உங்களைப் பாக்கத்தானே அவங்க ரெண்டு பேரும் காலைல விமானம் ஏறினாங்க! புள்ளை உங்க கோயில்ல, உங்க முன்னாடிதான் முதல்ல சொல்லணும்னு பிடிவாதம். ரெண்டு மாசமா ரகசியம். உங்க மருமகளுக்கும் தெரியும், அந்த ஊர் போதகருக்கும் தெரியும். திங்கக்கிழமை உங்களையும் கூட்டிக்கிட்டு மூணு பேருமா திரும்புறதா ஏற்பாடு."

தன் போனிலேயே கூப்பிட்டுக் கொடுத்தாள். நீ எடுத்தவுடன் "அக்கா, எங்கேயிருக்க? உன் வீட்டு வாசல்ல நிக்கறேன்" என்றாய். "நானும் உன் வீட்டு வாசல்லதான் நிக்கறேன்" என்றேன். அதற்குப் பிறகு நீ அழுதாய், எதிர்பார்த்ததுதான். பிறகு சூலு போனைப் பிடுங்கினாள்.

"பாட்டி, நீங்க நேத்திக்குப் போயிட்டீங்களா?"

"ஆமாண்டி கண்ணு. தப்பான நாள்ல இறங்கிட்டேன்."

"அங்கேயே இருங்க. நகராதீங்க. நாங்க இங்க ஞாயித்துக்கிழமையை முடிச்சிட்டு, அங்க ஞாயித்துக்கிழமைக்கு வந்துடறோம். பாட்டி, ரெண்டு வரி இல்ல. பதினாலு வரி. தெலேசியா சின்னப்பாட்டி சொன்னாங்க, தட்டு நீங்கதான் தூக்கணுமாம், அவங்களுக்குக் கை வலியாம்."

சின்னப்பாட்டி என்றாள். உனக்குக் கையில் எந்த வலியும் இல்லை என்று எனக்குத் தெரியும், தெலேசியா.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் தள்ளுபடி, பிள்ளைகளின் பெருமை மட்டும் நிற்கட்டும். கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், ஆனால் பெட்டியில் வேறு காகிதம் இல்லை, ஞாயிறு நீ இறங்கியதும் உன் கையில் தருவேன். கையில் வைத்திருந்த ஆசீர்வாதத்தையும் அப்போது முழுசாக வாங்கிக்கொள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: அந்த இருக்கையை எடை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், நீ அதில்தான் போனாய் என்று சூலு சொல்லிவிட்டாள். இனிமேல் நீ என்னைவிட ஒல்லி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே.

பொழுது போகாமல் சன்னல் பலகை இடுக்கு வழியே உள்ளே பார்த்தேன். சுவரில் என் படம். பல் வலியில் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்த காலத்தில் எடுத்தது, உனக்கு வேறு படமே கிடைக்கவில்லையா? அதற்குச் சிப்பி மாலை வேறு போட்டிருக்கிறாய். கீழே சூலுவின் கையெழுத்தில் ஒரு அட்டை: 'என் பாட்டி. வாலெலெலெயில் வருவாள்.' நான் எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். மூன்று லெ. நீ கற்றுக்கொடுத்திருக்கிறாய். நாம் இப்போது இரண்டு பேர் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நான் தட்டோடு நிற்கும்போது, மூன்று பேரும் வெள்ளை உடையில் ஒரு புதுப் படம் எடுக்க வேண்டும். சூலு நடுவில் நிற்கட்டும். ஒன்றை அந்த வீங்கின கன்னத்தை இறக்கிவிட்டு அங்கே மாட்டு. இன்னொன்றைப் போனில் அனுப்பாமல், உறையில் வைத்து, வையாலா முகவரிக்குத் தபாலில் போடு. பின்பக்கம் அந்த அட்டையில் இருப்பதையே சூலு தன் கையால் எழுதட்டும். யாரும் திருத்தக் கூடாது.