தலைவருக்குப் பதிலாக ஓர் இருமல்

இருமச் சொன்னது ஊர்த் தலைவரை. இருமியது அவருடைய பேச்சாளர் போவாடு.

"உங்களை இல்ல ஐயா, அவரை," என்றாள் நர்ஸ் அடோமா.

"தலைவர் நாலு பேர் முன்னால வாய் திறக்க மாட்டாரு சிஸ்டர். அவர் பேச்செல்லாம் என் வாய் வழியாத்தான் வரும். இருமலும் வாய்லேர்ந்துதானே வருது?" தங்கப் பூண் போட்ட கோலை ஊன்றியபடி போவாடு இன்னொரு தடவை இருமிக் காட்டினார்.

அடோமாவும் அதே குமாசி வட்டாரத்துக்காரிதான். வழக்கம் தெரிந்தவள், மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் கார் கவிழ்ந்து விலா உடைந்த தலைவரின் நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. விலா இடுக்கில் செருகிய குழாய், கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று, இருமினால்தான் அந்த வழியாக வெளியேறும். மறுநாள் காலை எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியவில்லை என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சரி, நீங்களே அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க."

போவாடு தொண்டையைச் செருமினார். "யானையும் ஒதுங்கி வழிவிடும் பெருமகனே, பகைவர் நடுங்கும் மார்புடையவரே..." முன்னோர் பெருமையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தலைவர் கண்ணயர்ந்துவிட்டார். இருமல் என்ற சொல் வரவே இல்லை.

அடோமா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். "இப்ப யாரும் பாக்கல. இருமச் சொல்லுங்க."

"வெளியில நிக்கிற ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்ற போவாடு, வார்டே அதிர இருமினார். இருமுவது தலைவர்தான் என்று நினைத்த பெரியவர்கள், மரியாதைக்கு ஒருவர் பின் ஒருவராகப் பதில் இருமல் இருமினார்கள். காசநோய் என்று பயந்து, தலைமை நர்ஸ் முகமூடிப் பெட்டியோடு ஓடி வந்தார்.

அடோமா வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலைவரிடமே நேராகப் பேசினாள். "ஐயா, கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை இருமுங்க."

தலைவர் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது அவமரியாதை," என்று முழங்கிய போவாடு, அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல் இருமினார். பல்செட் பறந்து போய் முகமூடிப் பெட்டிக்குள் விழுந்தது.

தலைவரின் வயிறு குலுங்கியது. முதலில் சத்தமில்லாமல், பிறகு விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வாய்விட்டே சிரித்தார். பாட்டிலில் உலை கொதிப்பதுபோல் குமிழிகள் பொங்கின. குழாயில் தண்ணீர் ஏறியது, இறங்கியது. அடோமா எத்தனையோ பாட்டில்களைப் பார்த்தவள். ஆனாலும் ஒரு மனிதரின் மூச்சு இப்படிக் கண்ணெதிரே துள்ளுவதைப் பார்த்து மலைத்துப்போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வந்த பெரியவர்களும் மரியாதையாகத் தோள்துணியை இறக்கிக்கொண்டு, அந்தப் பாட்டிலின் முன்னால் நின்றார்கள்.

காலையில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது.

அடோமா வராந்தாவில் போவாடுவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பாடு படுத்திட்டீங்க. அந்தப் பல்செட் மட்டும் தவறி விழலேன்னா இந்நேரம் அவர் ஆபரேஷன் மேசையில இருந்திருப்பாரு."

போவாடு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வலிக்குமேன்னு பயந்துபோய்க் கிடந்தாரு சிஸ்டர். எங்க தலைவர் பயப்படுறாருன்னு என் வாயால சொல்ல முடியுமா? எப்படியாவது சிரிக்க வச்சிடலாம்னு ஆன மட்டும் பாத்தேன். கடைசியில பல்லைக் கழட்டி எறிய வேண்டியதாப் போச்சு."