வருங்கால மனைவியின் கிட்டாருக்கு நான் செய்த வைத்தியம்

ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அதே மாதிரி வேறு விஷயம் ஒன்று அரைகுறையாகத் தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாம் ரகம்.

எங்கள் வீட்டில் வீணை வாசிப்பவர் அம்மா. சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்கள் அப்பாவும் நானும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருவர் தில்லி முனிர்காவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, வீணையின் கறுப்பு மெழுகைச் சூடுகாட்டி இளக்கி, கம்பிகளுக்கு அடியில் அதில் வரிசையாகப் பதிந்திருந்த பித்தளை மெட்டுகளைச் சரிசெய்தார். முறுக்கு தின்றபடி வேடிக்கை பார்த்தேன். என் மொத்தத் தகுதி அவ்வளவுதான்.

நித்யாவுக்கும் எனக்கும் நிச்சயமாகி மூன்றாவது ஞாயிறு. ஆர்.கே.புரத்தில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. மே மாதம், வெளியே அனல் காற்று. நித்யா தன் கிட்டாரைக் கொண்டுவந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கியது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆண்டு விழாவில் முதல்முறையாக மேடையேறப் போகிறாள். ஆனால் எந்தக் கம்பியை மீட்டினாலும் கூடவே ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஓர் இரைச்சல்.

“கழுத்து வளைஞ்சிருக்கும்னு ஃப்ரெண்ட் சொன்னா. நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

“கழுத்தாவது வளையறதாவது! மெட்டு லூஸாயிருக்கு. மெழுகை இளக்கி அமுக்கினா அஞ்சு நிமிஷ வேலை.”

“இதுல மெழுகு இருக்கா?”

“மெழுகு இல்லாம மெட்டு எப்படி நிக்கும்?” (அந்தக் குரலை இன்று கேட்டால் நானே ஓர் அறை விடுவேன்.)

“நெஜமாவே தெரியுமா உங்களுக்கு?”

“வீணையோட வளர்ந்தவன் நான்.”

பாவம், நம்பிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய ஹேர் டிரையரையே வாங்கி மெட்டுகளுக்குச் சூடு காட்டினேன். என் கட்டைவிரல்தான் வெந்ததே தவிர ஒரு மெட்டும் அசையவில்லை. அப்போதாவது விட்டிருக்கலாம். ஆனால் நித்யாவின் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே!

“கம்பியெல்லாம் வந்து சேர்ற இந்தக் கட்டைக்கு அடியிலதான் அசல் மெழுகு” என்று அந்த நொடியிலேயே ஒரு சாஸ்திரத்தை உற்பத்தி செய்து, அந்தக் கட்டைக்குப் பத்து நிமிடம் சூடு காட்டினேன்.

அடியில் இருந்தது மெழுகில்லை, பசை. அது நன்றாகவே இளகியது. ஆறு கம்பிகளும் இழுத்த இழுப்பில் கட்டை பிய்த்துக்கொண்டு துள்ளி, குனிந்திருந்த என் நெற்றியைப் பதம் பார்த்தது.

“இப்ப அந்த ஜ்ஜ் இல்ல, பாத்தியா?” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

“மாப்ளே, நீங்க கம்பெனில எந்த டிபார்ட்மெண்ட்?” என்று கேட்டார் அவர்.

“மெயின்டனன்ஸ், மாமா.”

“அச்சா” என்றார். மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

மறுநாள் கரோல் பாக்கில் கிட்டார் பழுதுபார்க்கும் வர்மா ஜியிடம் போனோம். தில்லி வெயிலில் மரம் காய்ந்து கழுத்து லேசாக வளைந்திருக்கிறது, கழுத்துக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்று திருப்பியிருந்தால் போதும் என்றார். பிய்ந்த கட்டையை ஒட்டிக் காயவைக்கப் பத்து நாளாகுமாம். “எந்த மிஸ்திரி செய்த வேலை இது? இனி அந்த ஆளிடம் போகாதீர்கள்” என்று இந்தியில் எச்சரித்தார்.

“அடுத்த மாசம் அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்கிறேன்” என்றாள் நித்யா. வர்மா ஜி என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். பிறகு ரசீது எழுதினார்.

வெள்ளிக்கிழமை இரவல் கிட்டாரில் வாசித்தாள். அது அவள் கைக்குப் பெரிது. இரண்டு இடத்தில் விரல் தடுக்கி நின்றாள், முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் மன்னித்துவிட்டாள். மறக்கத்தான் இல்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். வீட்டில் எது கெட்டாலும் முதல் வேலை அதை என்னிடமிருந்து மறைப்பது. போன வாரம் ஒருநாள் ஜுரம் என்று ஆபீஸிலிருந்து பாதியில் வீடு திரும்பியிருந்தேன். காலிங்பெல் அடித்தது. வாசலில் டூல் பையோடு எலெக்ட்ரீஷியன் செல்வம், சேலத்துக்காரர். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி, ஆபீஸிலிருந்த நித்யாவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, சார் வீட்லயே இருக்காரு. நான் அப்புறமா வரட்டுங்களா?”