எண்பது கிலோவுக்கு மேல் உயிர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இனி எடை போட்டுத்தான் ஆளைச் சேர்ப்பது என்று ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. காரணம் இல்லாமல் சுற்றறிக்கை வருமா? ரத்தம் முழுக்கக் கிருமி பரவிப் படுத்தவர்களில் ஒல்லியானவர்களைவிடப் பருமனானவர்கள் சற்றே அதிகம் பிழைக்கிறார்கள் என்று எங்கேயோ யாரோ ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். "ஏன் என்று எங்களுக்கே தெரியவில்லை, அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதீர்கள்" என்று கடைசிப் பக்கத்தில் கெஞ்சியும் இருந்தார்கள். மேலிடத்தில் பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டதால் கடைசிப் பக்கம் வரவில்லை. ஆகவே, பொதுமக்களின் உயிர் நலன் கருதி, எண்பது கிலோவுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் புருஷனைக் கொண்டுவந்தாள். அவர் லிஃப்ட் ரிப்பேர்காரர். எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வரும் உடம்பு. அவள் பார்சல் ஆபீசில் எடை போடுகிறவள். 'எடை கூடுது, பிரிச்சுக் கட்டுங்க' என்று இருபது வருஷமாக ஊரை விரட்டியவளுக்கு, எடை குறைகிறது என்று ஒருத்தர் சொல்லிக் கேட்பது அன்றுதான் முதல் தடவை.

"நாப்பத்தாறு," என்றார் எடை அதிகாரி, தராசுக் கட்டிலின் முள்ளைப் பார்த்து. "முப்பத்து நாலு கிலோ குறையுதும்மா."

"ஐயா, ரத்தத்துல விஷம் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. காய்ச்சல் நூத்தி நாலு!"

"காய்ச்சலை எடையில சேர்க்க விதியில்லையே. எப்போ எண்பது ஆவார்?"

"நல்லா இருந்து, நல்லா சாப்பிட்டா ஒரு வருஷம் ஆகும்."

"நல்லது. ஒரு வருஷம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் நோயை இப்படியே கட்டுப்பாட்டுல வெச்சிருங்க."

அழுதால் காரியம் ஆகாது. சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். 'கட்டிலின் மேலுள்ள மொத்த எடை' என்று இருந்தது. மொத்த எடை என்றால் பெட்டி, கயிறு, சாக்கு எல்லாம் சேர்த்துத்தான் என்பது பார்சல் ஆபீசில் பால பாடம். உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் பேக்கரி வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தங்கத்தில் செய்த மனசு, ஊசியைக் கண்டால் மட்டும் ஓட்டம்.

"எனக்கு எதுவும் குத்த மாட்டாங்களே?" என்று கேட்டு, அவள் 'மாட்டாங்க' என்றதும், மச்சானின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்தார். முள் நூற்றைம்பத்தெட்டுக்குப் பாய்ந்தது.

"இவர் யாரு?" என்றார் அதிகாரி.

"கட்டில்மேல இருக்காருங்க."

அதிகாரி விதியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "ஆமா, இருக்கார். நூத்தம்பத்தெட்டு! இவர் பிழைக்காம வேற யார் பிழைக்கப் போறா?"

தினமும் இரண்டு வேளை எடை சரிபார்க்கப்படும் என்பதால் அண்ணன் ஒன்பது நாள் அந்தக் கால்மாட்டிலேயே குடியிருந்தார். நர்ஸ் கெட்டிக்காரி. மருந்தை எடைக்குத் தகுந்தாற்போல்தான் கொடுக்கவேண்டும், கூடினால் ஆபத்து. "ஃபைலுக்கு நூத்தம்பத்தெட்டு, ஊசிக்கு நாப்பத்தாறு" என்று தனியாக ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் புருஷனுக்கு மூச்சு வாங்கியது. 'இந்த மனுஷன் போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்' என்று அவள் வாய்விட்டே அழுதாள்.

"அழாத. நான் இறங்கினாத்தான் இவரையும் இறக்கிடுவாங்க. நான் இறங்க மாட்டேன்," என்றார் அண்ணன், மரத்துப்போன காலைத் தேய்த்தபடி.

பத்தாம் நாள் புருஷன் கண்ணைத் திறந்து, "மச்சான், என் காலை விடுங்க," என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் எடை உண்டு. அண்ணனோடு சேர்த்து நூற்றைம்பத்து நாலு; புருஷன் நாலு கிலோ இளைத்திருந்தார். 'மேற்படி எடை முழுவதும் என் கணவருடையதே' என்று ரெஜிஸ்டரில் எழுதி நீட்டினார்கள். புருஷன் கிடைத்த சந்தோஷத்தில் அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அதைப் பார்த்து எல்லா வீட்டிலும் குண்டுச் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். பிழைத்தவர்கள் மாமனோடும் சகலையோடும் எடை போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். இறந்தவர்களின் கட்டிலிலிருந்து சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே இறங்கிவிடுவதால், இறந்தவர்கள் தனியாகத்தான் எடை போடப்பட்டார்கள். மாதக் கடைசியில் கணக்கெடுத்தால், பிழைத்த அத்தனை பேரும் எண்பதுக்கு மேல், போன அத்தனை பேரும் கீழே. மேலிடம் மெய்சிலிர்த்தது. எடை அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்து, வரம்பை நூற்றைம்பதாக உயர்த்தியது. இளைப்பதற்கென்று இருந்த உடற்பயிற்சிக் கூடம் பெருப்பதற்கென்று பலகையை மாற்றிக்கொண்டது. பணம் அதே பணம்தான்.

அடுத்த மாதம் அண்ணனுக்குக் காலில் ஒரு புண். அது முற்றி, கிருமி ரத்தத்தில் ஏறி, அவரே தராசுக் கட்டிலில் படுத்தார்.

அதிகாரி முள்ளைப் பார்க்கவில்லை, ரெஜிஸ்டரைப் பார்த்தார். "இந்த நூத்திப் பன்னிரண்டு கிலோவும் உங்க வீட்டுக்காரருடையதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இவருக்குன்னு என்ன மிச்சம்?" என்று கேட்டு, அண்ணனுக்கு நேராக 'பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அடப்பாவி, நான் இங்கதானேய்யா படுத்திருக்கேன்!" என்று முனகினார் அண்ணன்.

அவள் கூட வந்த புருஷனைப் பிடித்துக் கட்டிலில் தள்ளினாள். "ரெஜிஸ்டர்ப்படி இவர் நூத்தம்பத்து நாலுதானே? பாருங்க!"

முள்ளும் நூற்றைம்பத்து நாலிலேயே நின்றது. தராசும் ரெஜிஸ்டரும் ஒத்துப்போன நாள் அது ஒன்றுதான். அதிகாரிக்கு ஏக மகிழ்ச்சி. "பிரமாதம். எடை உள்ளவர்தான் நோயாளி. இவரைச் சேர்த்தாச்சு. பூஜ்யம் கிலோ ஆசாமி துணைக்கு இருக்கலாம்."

நர்ஸ் ஃபைலைப் புருஷனுக்கும் ஊசியை அண்ணனுக்கும் போட்டாள். "குத்த மாட்டாங்கன்னு சொன்னியேம்மா!" என்று அண்ணன் அலறிய அலறலில் அவர் பிழைத்துக்கொள்வார் என்றே தங்கைக்கு நம்பிக்கை வந்தது.

அண்ணன் தேறி வீடு திரும்பியபின், புண்ணைக் காட்டுவதற்காக அவள் அவரை மறுபடி கூட்டி வந்த அன்று, தராசுக் கட்டிலில் எடை அதிகாரியே படுத்திருந்தார். காய்ச்சல் நூற்று நாலு. எடை ஐம்பத்திரண்டு. நாற்காலியில் அவருடைய உதவியாளர்.

"அண்ணே," என்றார் அதிகாரி, முதல் தடவையாக. "கொஞ்சம் ஏறி உட்காருங்கண்ணே."

அண்ணனுக்கு மறுக்கத் தெரியாது. ஏறி உட்கார்ந்தார்.

உதவியாளர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "ஐயா, இவர் எடை பூஜ்யம்னு உங்க கையெழுத்து இருக்கே?"

"அது தப்புப்பா. அடிச்சுடு."

"அடிச்சுடலாம். அது தப்புன்னா, இவர் எடையை இவர் மச்சான் பேர்ல ஏத்தின அந்த மாசக் கணக்கும் தப்பு. கணக்கு தப்புன்னா உங்க பதக்கம்?"

அதிகாரி சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தைத் தடவிப் பார்த்தார். "வேண்டாம். சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தன் கையெழுத்தும் அதே ரெஜிஸ்டரில் இருப்பது நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

"அப்ப நூத்தம்பதுக்குத் தொண்ணூத்தெட்டு கிலோ குறையுதுங்க ஐயா," என்றார் உதவியாளர், மிகுந்த மரியாதையோடு. "காய்ச்சலைச் சேர்க்க விதியில்லை."