மூன்றாம் மாடி வில்லங்கம்

"என்ன விலை சொல்றீங்க?" என்று நாகஜோதி கேட்டதும் பெருமாள்சாமி தன் மனைவியைப் பார்த்தார். மனைவி சண்முகவள்ளி மின்விசிறியைப் பார்த்தாள்.

"நீங்களே பாத்து ஒரு விலை போட்டுக்கங்கம்மா. எங்களுக்குச் சந்தோசம்தான்."

வீட்டை விற்கிறவர் வாங்குகிறவரிடமே விலையைக் கேட்கிறார் என்றால் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கை முப்பத்தோரு வருடம் தணிக்கை செய்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள் நாகஜோதி. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அதில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன.

அவளைக் குறை சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு மனை வாங்கினாள். பிறகு பார்த்தால் அது ஓடைப் புறம்போக்கு. இப்போது கையில் மிஞ்சியிருப்பது ஓய்வுப் பணம் மட்டும். அதுவும் போனால் கடைசிவரை வாடகை வீடுதான். சொந்த வீட்டில் பால் காய்ச்சாமல் மகன் அஜித்துக்குப் பெண் பார்ப்பதில்லை என்று வேறு பிடிவாதமாக இருந்தாள். அஜித்துக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது.

இந்த வீட்டைப் பற்றிச் சொன்னதே அஜித்தான்.

"பைபாஸ் பக்கம் மூணாவது மாடில ஒரு வீடு விலைக்கு வருதும்மா. நான் சொன்னா நீ நம்ப மாட்ட. நீயே போயி விசாரி. ஒனக்குப் பிடிச்சா எனக்குச் சம்மதம்."

நாகஜோதி முதலில் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்டாள். மறுநாள் காலையில் அசலே அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யா.

"அசலத் தூக்கிக் குடுக்குற ஆளு இன்னொரு அசலும் வச்சிருப்பான்லே" என்றாள் மகனிடம்.

"அப்ப நல்லா விசாரிம்மா" என்றான் அவன், கொய்யாவைக் கடித்துக்கொண்டு.

பத்திர அலுவலகத்தில் முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டாள். சுத்தமாக இருந்தது. அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பங்காளித் தகராறு இல்லை. நாகஜோதிக்கு அன்று தூக்கம் போயிற்று. இத்தனை சுத்தமான கணக்கைத் தன் சர்வீஸில் அவள் பார்த்ததே இல்லை.

சரி, அக்கம்பக்கத்தில் கேட்போம் என்று இரண்டாவது மாடிக்குப் போனாள்.

"இங்க தண்ணி எப்படிங்க?"

"தண்ணி வரும், போகும். பெருமாள்சாமி மக பானுப்ரியா மாதிரி ஒரு பொண்ணு வருமா?" என்றார் அந்த வீட்டு சுப்புராஜ்.

எதிர்வீட்டு அம்மாளிடம் சுவரில் விரிசல் உண்டா என்று கேட்டாள். பானுப்ரியா சோற்றுக்கு வைக்கிற வெஞ்சனத்தின் ருசியைப் பற்றி அந்த அம்மாள் கால் மணி நேரம் பேசினாள். 'சாட்சிகள் கேள்வியைத் தவிர்க்கிறார்கள்' என்று நாகஜோதி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

லிஃப்ட் தீபாவளியிலிருந்து ஓடவில்லை. "ஏன் ஓடல, பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கா?" என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போனபோது லிஃப்ட் ஓடியது. படிக்கட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி. எதையோ மறைக்கத்தான் பூசியிருக்கிறார்கள் என்று முடிவுசெய்து, வீட்டுச் சாவியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தாள். சுவர்கள் கெட்டியாக இருந்தன.

கடைசியாக அசோசியேஷன் கணக்கை வாங்கிக்கொண்டு பெருமாள்சாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் உதைத்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"மோட்டார் ரிப்பேர ரெண்டு தடவ எழுதிட்டாங்க அத்தை. ஆறாம் பக்கத்துல ஒண்ணு, ஒம்பதாம் பக்கத்துல ஒண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். காபி கொண்டுவந்த பானுப்ரியா.

புரட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. முன்பின் தெரியாத பெண் அத்தை என்றதை அவள் கவனிக்கவே இல்லை. இப்படி ஒருத்தி நம் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று ஆசை மட்டும் வந்தது. முதலில் வீடு, பிறகுதான் மருமகள் என்று அந்த ஆசையை அங்கேயே அடக்கினாள்.

நாற்பத்திரண்டாவது கேள்வி ஒன்றுதான் பாக்கி.

"நாளைக்கு ஒங்க மக ஆட்சேபம் சொல்லக் கூடாது. அவ சம்மதத்த எழுத்துல வாங்கிக் குடுங்க" என்றாள் பெருமாள்சாமியிடம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பானுப்ரியா 'எனக்குப் பூரண சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பத்திர விஷயத்தில் இத்தனை வெட்கம் எதற்கு என்று நாகஜோதிக்கு விளங்கவில்லை.

தானே ஒரு விலையைப் போட்டு வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை முடித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினாள். அஜித்தையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீ மேல போம்மா, வண்டிய நிறுத்திட்டு வாரேன்" என்றவன் கீழேயே நின்றுகொண்டான்.

மேலே கூடம் நிறைய ஆட்கள். வெற்றிலை, பூ, பழம். காவலாளி ஒச்சப்பன் கூட வெள்ளை வேட்டி கட்டித் தாம்பாளத்தோடு நின்றார்.

"சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேரு போதுமே" என்றபடி நாகஜோதி காசோலையை நீட்டினாள். "ஒரு லட்சம் அட்வான்ஸ். மிச்சம் பத்திரத்தன்னைக்கு. சாவிய எப்பக் குடுப்பீங்க?"

பெருமாள்சாமி காசோலையைத் தொடவில்லை.

"சாவியா? வீட்டக் குடுத்துட்டு நாங்க எங்கம்மா போறது?"

நாகஜோதிக்கு இத்தனை பார்த்தும் மறுபடி ஏமாந்துவிட்டோமே என்று அழுகை வந்துவிட்டது.

"அப்ப விக்கிற வீடு மாதிரி என்னைய எதுக்கு ஒரு மாசமா அலைய விட்டீங்க?"

ஒச்சப்பன்தான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்கம்மா வீடு வாங்குற மாதிரி வந்து பொண்ணத்தான் விசாரிப்பாங்க, குறுக்க பேசாம கேட்டதெல்லாம் குடுங்கன்னு ஒங்க மகன்தானம்மா வீடு வீடா ஏறி இறங்கிச் சொல்லிட்டுப் போனாரு."