ஓவர்சியரின் இரண்டு கைகளும் ஒரு வால்வுப் பெட்டியும்

"இன்னிக்கு ஒண்ணு அது, இல்ல நான்!" என்று ஓவர்சியர் காலையிலேயே சபதம் போட்டார்.

'அது' என்பது கூடத்து மூலையில் இருக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர். இசைத்தட்டைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கிளம்பும். ஒரு மாதமாக மனுஷருக்கு அதோடுதான் குடித்தனம். வால்வை மாற்றினார். கெப்பாசிட்டரை மாற்றினார். பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினார். இரைச்சல் மட்டும் மாறவில்லை.

மனைவி கெடு வைத்துவிட்டாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாடி வீட்டு பாட்டு டீச்சர் வர்றாங்க. அவங்க காதுல இரைச்சல் விழுந்துச்சுன்னா பெட்டி பரணுக்குப் போகுது. மூலையில என் தையல் மெஷின் வருது."

"பரணா? வால்வு தாங்காதும்மா!"

"ஒரு மாசமா என் காது தாங்கலியா?"

நாலரை மணிக்கு ஓவர்சியருக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிப் பிடிக்காத குறையாக ஒரு கையைப் பெட்டியின் மேலும், இன்னொரு கையைப் பக்கத்து ரெக்கார்டு பிளேயரின் தகட்டின் மேலும் வைத்தார். இரைச்சல் நின்றது! கையை எடுத்தார். ம்ம்ம்ம். வைத்தார். கப்சிப். காரணம் புரியவில்லை. காரணம் கிடக்கட்டும், டீச்சர் போகிறவரை கை இரண்டும் அங்கேயே இருந்தால் பெட்டி பிழைத்துவிடும்.

டீச்சர் வந்தார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சத்தமே இல்லியே! பெரிய ஆளு சார் நீங்க. ஏன் நிக்கறீங்க?"

"பாட்டுன்னா நான் நின்னுதான் கேப்பேன். ஒரு மரியாதை."

பாட்டு ஓடியது. மூக்கு அரித்தது. காப்பி வந்து ஆறியது. மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்க அண்ணன் வீட்டுக்குப் பத்து நாள் போகணும்னு சொன்னேனே?"

இந்தப் பேச்சை எடுத்தால் வழக்கமாக ஓவர்சியர் தெருமுனையில் இருப்பார். இன்று எங்கே போக?

"டீச்சர் முன்னாடி எதுக்கும்மா..."

"சாட்சி வேணாமா? போலாமா, வேணாமா?"

கை நழுவியது. பெட்டி முனகியது. டீச்சர் புருவத்தைத் தூக்கினார். ஓவர்சியர் பாய்ந்து கையை வைத்தார். "போலாம், போலாம்!"

"கட்டிலுக்கு அடியில இருக்கிற உடைஞ்ச ரேடியோவையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?"

"எல்லாத்தையுமா?" கைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "சரி."

"பாத்ரூம் கதவுக்குக் கொக்கி?"

"நாளைக்கு."

"நாளைக்கா?"

"இன்னிக்கே!"

டீச்சர் மனசு நிறைந்து மாடியேறினார். ஓவர்சியர் மரத்துப்போன கைகளை உதறினார். பெட்டி மறுபடி இரைந்தது. மனைவி நிதானமாக எழுந்து, பெட்டிக்குப் பின்னால் தொங்கிய மெல்லிய ஒயர் ஒன்றை எடுத்துத் திருகாணியில் மாட்டினாள். வீடே அமைதியானது.

"பிளேயரையும் பெட்டியையும் சேர்க்கிற எர்த் ஒயருங்க. போன மாசம் பெட்டியை நகர்த்தினப்போ நீங்க மாட்ட மறந்தது. இன்னிக்குப் பெருக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. பாவமா இருந்துச்சு, டீச்சர் வர்றதுக்குள்ள மாட்டிடலாம்னு வந்தேன்."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் மாட்டல?"

"கல்யாணம் ஆன நாளா நான் வாயைத் திறந்தா ஓடற ஆளு, இன்னிக்குத்தான் ஒரு இடமா நின்னீங்க. அதை நானே கெடுப்பேனா?"