கம்பெனி ஆளின் டிபன் டப்பா பரீட்சை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகளை அவரளவுக்குத் திட்டியவர் இதுவரை பிறக்கவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயரோ ‘கம்பெனி ஆளு’. யாரைப் பார்த்தாலும் “நீ கம்பெனி ஆளா?” என்று கேட்டுக் கேட்டு, அது அவருக்கே நிலைத்துவிட்டது.

அவரும் ஒரு இரும்பு உருக்காலையில் எடைமேடை பார்த்தவர்தான். நான் அங்கே கணக்குப் பிரிவு. பழைய இரும்பு லாரி மேடையில் ஏறினால், எடையைப் பதிந்து சீட்டு அடிக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதைப் பெரிய கம்பெனி ஒன்று விற்றுக்கொண்டிருந்தது. போட்டியாக இவர் சிலரைச் சேர்த்து, ஓப்பன் சோர்ஸில் ஒன்றைச் செய்தார். உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், சும்மாவே எடுத்துப் போகலாம். சோழவரம் வரைக்கும் சின்ன எடைமேடைகள் எல்லாம் அதில்தான் ஓடின.

கம்பெனி சும்மா இருக்குமா? “இலவச மென்பொருளில் எடை தப்பும்”, “லாரிக்காரன் உள்ளே புகுந்து மாற்றிவிடுவான்” என்று இணையத்தில் புதுப்புதுப் பெயர்களில் பதிவுகள் முளைத்தன. இவர் ராப்பகலாகப் பதில் எழுதினார். ஒருநாள் துள்ளிக் குதித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நைனா, கண்டுபுட்ச்சிட்டேன்! ஞாயித்துக்கெயம ஒருத்தனும் வாயத் தொறக்கல. நெஜமா கோவம் வந்தவன் லீவு உடுவானா?”

மறுக்க முடியவில்லை. எல்லாம் சம்பளத்துக்கு எழுதியவர்களே. ஆனால் அந்த வெற்றிதான் மனிதரைக் கெடுத்தது. அதன்பின் உலகமே அவருக்குக் கம்பெனி ஆளாகத் தெரிந்தது. மின்சார ரயிலில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மீன்காரம்மாவைத் திரும்பி முறைத்தார்.

“உன்ன எந்தக் கம்பெனி அனுப்ச்சிது?”

“எறா கம்பெனி. கூடைய எட்க்கணும், கால நவுத்துய்யா!”

மென்பொருளுக்காக நாங்கள் வைத்திருந்த வாட்ஸப் குரூப்பிலும் ஒற்றன் இருப்பதாக முடிவு செய்து, ஒரு பரீட்சை வைத்தார். மத்தியானம் எல்லாரும் டிபன் டப்பாவைத் திறந்து போட்டோ போட வேண்டும். “கம்பெனிக்காரன் ஓட்டல்ல துன்றவன். நம்மாளு ஊட்லேர்ந்து எட்த்தாருவான்” என்பது அவர் சித்தாந்தம். இதில் லாபம் எனக்குத்தான். “நாலு பேரு பாக்கற டப்பா, வெறும் தயிர்சோறா குடுக்கறது?” என்று என் மனைவி தினம் இரண்டு பொரியல் வைக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது வாரமே வந்தது வினை. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ராகவன். மென்பொருளில் பாதி அவன் எழுதியது. அன்று அவன் போட்டோ வரவில்லை. போன் போட்டுக் கேட்டார்.

“இன்னிக்கு ஏகாதசி சார். எங்காத்துல சமையலே கெடையாது.”

“சோறே துன்னலன்றியா? எந்த ஓட்டல்ல குந்திகினு பேசற?”

குரூப்பிலிருந்து நீக்கினார். அதோடு விட்டாரா? ‘ராகவன் கம்பெனி ஆள்’ என்று ஊர் பார்க்க இணையத்திலும் எழுதினார். அவனுக்குப் பரிந்து பேசியவர்களும் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். நானும்தான் சண்டை போட்டேன். “உன் ஊட்டம்மா வத்தக்கொயம்பு எந்தக் கம்பெனிலயும் கெடைக்காது, நீ இரு” என்று என்னை மட்டும் விட்டுவைத்தார்.

சில மாதங்களில் புதிய கணினிகளில் எங்கள் மென்பொருள் சீட்டு அடிக்க மறுத்தது. எடைமேடை வாசல்களில் லாரிகள் வரிசை கட்டின. சரிசெய்யத் தெரிந்தவன் ராகவன் ஒருவன்தான். அவனைப் பார்க்கப் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போனோம். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மன்னிப்பு கேட்கப் பழகிக்கொண்டே வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ராகவன் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கேட்க வேண்டியதைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கம்பெனி ஆள்னு எல்லார் முன்னாடியும் எழுதினேளே சார். அதைப் பாத்துட்டு மறுவாரமே அவா கூப்பிட்டா. நேக்கும் கோவம், சேந்துட்டேன். நம்ம மென்பொருளத் தொடமாட்டேன்னு கையெழுத்தும் வாங்கிண்டுட்டா.”

பத்துப் பெயரில் எழுதியும் கம்பெனியால் முடியாததை இவர் ஒரே பதிவில் முடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது வெடிப்பார் என்று நான் பயந்தேன். அவர் நிதானமாக டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும்.

“இன்னிக்கி ஏகாதசி இல்லியே?”

“இல்ல சார்.”

“அப்ப துன்னு, கண்ணு.”

வெளிச் சாப்பாடு தொடாத வீடு. ராகவன் ஒரு கணம் உள்ளே பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அவன் சாப்பிடுவதை அவர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, கீழே ‘நம்ம ஆளு’ என்று எழுதினார்.

எடைமேடைகள் எல்லாம் கம்பெனி வசம் போய்விட்டன. அவர் வேலையை விட்டு கவரைப்பேட்டையில் வீட்டோடு இருக்கிறார். இணையத்தில் யாரோடும் சண்டை இல்லை. இத்தனை பேர் உழைப்பு ஒரு ஏகாதசியில் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் மத்தியானம் டப்பாவைத் திறந்தால், பழக்கத்தில் ஒரு போட்டோ போட்டுவிடுகிறேன். அவர் பார்ப்பார், பதில் எழுத மாட்டார்.

நேற்று டப்பாவில் வெறும் ரசம் சாதம். போட்ட கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“இன்னா நைனா, ஊட்டம்மாக்கு ஒடம்பு சரியில்லியா?”