ஏரோப்ளேன் அண்ணனும் நாற்பத்தேழு குருவிப் படங்களும்

புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பகுதியில் ஏரோப்ளேன் அண்ணனிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகைதான், பிள்ளைகளே. ஒன்று, கையில் போன் இல்லாதவர்கள். இன்னொன்று, இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைகள். மீதி எல்லோரும் வாங்கியிருக்கிறோம். நான் வாங்கியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும். அதுவரை அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் ஏரோப்ளேன் ஓட்டியவர் இல்லை. ஏறியவர்கூட இல்லை. செல்போன் பழுது பார்ப்பவர். அதிலும், போனில் தெரியாமல் அழித்துவிட்ட படம், வீடியோ, குரல் பதிவு எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கடையில் அவர் உட்கார்ந்து, நாம் நின்றுவிட்டால், மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். யாராவது "அண்ணே, என் போட்டோ எல்லாம்..." என்று வாயைத் திறந்தால் போதும்.

"மொதல்ல ஏரோப்ளேன் போடு!"

போனில் ஏரோப்ளேன் படம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அதைத்தான் சொல்வார். அதை அமுக்கிவிட்டால் வெளியிலிருந்து புதிதாக எந்த மெசேஜும் படமும் போனுக்குள் வந்து விழாது. வாங்க, எப்படி இருக்கீங்க என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கல்யாணப் பந்தியில் அவரும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாலு இலை தள்ளி ஒருவர், "நிச்சயதார்த்த வீடியோ நேத்து எப்படியோ அழிஞ்சிடுச்சுப்பா" என்று பக்கத்து ஆளிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஏரோப்ளேன் அண்ணன் ரசம் வழிகிற கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு அது? போனத் தொடாத! ஏரோப்ளேன் போடு!"

அந்தக் குரலுக்குப் பயந்து பந்தி முழுவதும் இடது கையால் ஏரோப்ளேன் போட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் போட்டார். மண்டப மேனேஜரும் போட்டார். ஐஸ்கிரீம் கொண்டுவந்த வண்டிக்காரர் வழி தெரியாமல் யாருக்கு அடித்தாலும் போன் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்கு வாழைப்பழம்தான்.

"ஏண்ணே இவ்ளோ கத்துறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

"தம்பி, நீ அழிச்சேன்னு நெனைக்கிற பாரு, அது அழியறது இல்ல. பஸ்ல ஒருத்தன் டிக்கெட்டக் கிழிச்சிட்ட, அவ்ளோதான். ஆளு சீட்லயேதான் குந்தினு இருக்கான். புதுசா ஒருத்தன் டிக்கெட் வாங்கினு வந்து 'எந்திரி'ன்னு சொன்னாதான் அவன் எறங்கிப் போவான். அப்புறம் அவன எங்க போய்த் தேடுறது? அதான், அழிஞ்சுதுன்னு தெரிஞ்ச ஒடனே புது ஆள ஏத்தாதங்கறேன். போட்டோ எடுக்காத. வீடியோ எடுக்காத. தேடித் தர்றேன்னு விளம்பரத்துல வருது பாரு ஆப்பு, அத எறக்காத. அதுவும் ஒரு ஆளுதான். அதுவும் வந்து சீட்டப் புடிச்சிக்கும்."

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். போனில் படங்கள் இருக்கிற இடத்திலேயே ஒரு குப்பைத்தொட்டி உண்டு. அழித்தவை சில நாட்கள் அதில்தான் கிடக்கும். இதைப் பார்க்காமல் ஓடிவருகிறவர்களுக்கு அவர் ஒரு தண்டனை வைத்திருந்தார். கடை வாசலில் நின்று, அடுத்து வருகிறவரிடம், "நான் குப்பத்தொட்டியப் பாக்காம வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, எண்பதை நெருங்கியவர், தொப்பியும் கைத்தடியுமாக வந்தார். பாரிஸில் பிறந்த கொள்ளுப் பேத்தியின் படம் காணோம் என்றார். ஏரோப்ளேன் அண்ணன் அரை நிமிஷத்தில் குப்பைத்தொட்டியிலிருந்து குழந்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

"மிஸ்யே, என் சர்வீஸ்ல கர்னல்கூட என்ன நிக்க வெச்சதில்ல" என்றார் பெரியவர். மிஸ்யே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"கர்னலு போட்டோ எடுத்துக் குடுத்தாரா?"

பெரியவர் யோசித்தார். அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். வாசலில் போய் விறைப்பாக நின்று, அடுத்து வந்த பூக்கார அம்மாவிடம் சல்யூட் அடித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த அம்மா பயந்துபோய், "எனக்கு ஸ்பீக்கர்தாங்க கேக்கல" என்றார்.

குப்பைத்தொட்டியிலும் இல்லை என்றால்தான் உண்மையான வேலை. அப்போது மூன்று கேள்வி கேட்பார். எப்போ அழிஞ்சுது? யாரு அழிச்சது? அதுக்கப்புறம் போன்ல என்ன பண்ணீங்க? "இதுல பொய் சொன்னா ஒண்ணும் வராது" என்பார். அது பயமுறுத்தல் இல்லை. எந்த இடத்தில் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

சரி, பிள்ளைகளே. இனிமேல் என் கதைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டி அனுப்பும் பிரிவில் வேலை. என் மகள் கயல் எட்டாவது படிக்கிறாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல போன், என்னுடையது. எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் துணி காயப்போடும் கயிற்று முடிச்சில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. கயல் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அதைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். தேதி எழுதிய சின்னத் துண்டுக் காகிதத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இருபத்துநாலு நாட்கள். முட்டை, குஞ்சு, இறகு, கடைசியில் பறந்து போனது வரைக்கும். மொத்தம் நாற்பத்தெட்டுப் படங்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கயிற்றில் துணி போடவில்லை. ஈரச்சட்டையோடு வேலைக்குப் போயிருக்கிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறும் விழாவில் என்னைப் பாடச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஆள் இல்லாத ஒரு மாலை, இடுப்பில் துண்டோடு நின்று, பாடிப் பார்த்து வீடியோ எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். இடம் இல்லை என்றது. உள்ளே பார்த்தால் குருவி, குருவி, குருவி. எல்லாம் ஒரே கூடு. ஒரே குருவி.

'இந்தப் பொண்ணு ஒரே போட்டோவ அம்பது தடவ எடுத்து வெச்சிருக்கு. ஒண்ணு போதாதா?'

மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு, இருப்பதில் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பத்தேழையும் அழித்தேன். அப்போதும் இடம் வரவில்லை. குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிறகு பதினோரு நிமிஷம் பாடினேன். போட்டுக் கேட்டேன். உடனே அதையும் அழித்து, குப்பைத்தொட்டியை மறுபடி காலி செய்தேன்.

மறுநாள் கயல் போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, என் குருவி எல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள். கூடு காலி. குஞ்சுகள் எங்கேயோ பறந்துவிட்டன. மறுபடி எடுக்க வழியே கிடையாது. வெள்ளிக்கிழமை கண்காட்சி.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நீதான் எங்கனா தப்பா அமுக்கியிருப்ப. போனப் பாத்து யூஸ் பண்ணுன்னு எத்தன தடவ சொல்றது?"

அவள் நம்பிவிட்டாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை. அதற்குப் பிறகு போன் அடித்தால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே எடுங்கப்பா, நான் தொட்டா இன்னும் ஏதாவது ஆயிடும்" என்றாள். அப்போதும் போனை நானே எடுத்துப் பேசினேன்.

அவள் அம்மாதான், "அந்த ஏரோப்ளேன்காரரு கிட்ட காட்டுங்க" என்று விரட்டினாள். மழை வரும், கடை இருக்காது, தலை வலிக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கயல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கடையில் குப்பைத்தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனிலிருந்து மெமரி கார்டை உருவினார்.

"யாரு அழிச்சது?"

"நான்தான் அங்கிள்" என்றாள் கயல், தரையைப் பார்த்துக்கொண்டு. "எப்பன்னுகூடத் தெரியல."

நான் சுவரில் தொங்கிய சார்ஜர்களை எண்ணினேன்.

"அதுக்கப்புறம் வீடியோ கீடியோ எதனா எடுத்தீங்களா?" இந்தக் கேள்வி என்னிடம்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

கார்டை அவருடைய கம்ப்யூட்டரில் செருகித் தேடவிட்டார். ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னப் படம் மேலே வர ஆரம்பித்தது. கயல் பக்கத்துக் கடைப் பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன். முதலில் வந்தது குருவி இல்லை. இடுப்பில் துண்டோடு நான்.

அண்ணன் அதைத் தட்டினார். என் குரல் இரண்டு வரி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாப்பா, எதிர்க்கடையில மூணு டீ சொல்லிட்டு வா. எனக்குச் சக்கர கம்மி."

அவள் நகர்ந்ததும் என்னைப் பார்த்தார். பந்தியையே நடுங்க வைத்த மனிதர், அன்றைக்குக் குரலே உயர்த்தவில்லை. அதுதான் நான் வாங்கியதிலேயே பெரிய திட்டு.

"இத எப்ப எடுத்த தம்பி?"

"அழிச்ச அன்னிக்குதாண்ணே."

"அழிச்சது?"

"நான்தாண்ணே."

"பாப்பா தான்தான்னு சொல்லுது?"

அடுத்து நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "அண்ணே, அந்த வீடியோவ மட்டும் காட்டாம வுட்டுடுங்கண்ணே" என்றேன்.

"காட்ட மாட்டேன். அத வெச்சினு நான் என்ன பண்ணப்போறேன்? ஆனா ஒண்ணு. உம் பாட்டு ஒரு ஆறு சீட்டப் புடிச்சிடுச்சு. நாப்பத்தொண்ணுதான் கெடைக்கும். அந்த ஆறு எங்கன்னு பாப்பா கேக்கும். அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

டீ வந்தது. கயலும் வந்தாள். திரையைத் திருப்பியதும் கத்தியே விட்டாள். துண்டுக் காகிதத்தில் இருந்த தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. பன்னிரண்டாவது நாள், பதின்மூன்று, பதினாலு. மூன்று நாட்கள் இல்லை. முட்டை உடைந்து குஞ்சு வெளியே வந்த நாட்கள் அவை.

"பரவால்ல அங்கிள்" என்றாள். "தப்பு என்னுதுதான. நான்தான் அழிச்சேன்."

அண்ணன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ இல்ல கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நீ இல்ல. அப்பாதான். பாட்டு ரெக்கார்டு பண்ண எடம் வேணும்னு அப்பாதான் அழிச்சேன். தெரிஞ்சேதான் உன்னத் திட்டினேன்."

அவள் அழவில்லை. "என்ன பாட்டுப்பா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பேசவில்லை. வண்டியில் என் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் வியாழக்கிழமையும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போனேன். பெரிய அட்டையில் நாற்பத்திரண்டு குருவிப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நடுவில் ஆறு வெற்றுக் கட்டங்கள். அவற்றின் கீழே கயலின் அழகான கையெழுத்தில் ஒரு வரி: 'இந்த மூன்று நாட்கள் அப்பா பாடினார்.'

வந்தவர்கள் எல்லோரும் குருவியை விட்டுவிட்டு அதைத்தான் படித்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் அடுத்த மேசையில் எரிமலை மாதிரி செய்திருந்த ஒன்றை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா சத்தமாகவே, "யாரும்மா அந்த அப்பா?" என்று கேட்டார்.

கயல் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. எரிமலையை விட்டு இரண்டு அடி எடுத்து வைத்து, "நான்தாங்க" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கயல் மெதுவாக நகர்ந்து, மேசைக்குப் பின்னால் எனக்கும் நிற்க இடம் விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஏரோப்ளேன் அண்ணன். பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். அந்த ஆறு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இன்னும் சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் திரும்பி, "நான் கேட்டிருக்கேங்க. ரொம்ப நல்லா பாடுவாரு" என்றார்.

எனக்காக அவ்வளவு பெரிய பொய்யை யாரும் சொன்னதில்லை, பிள்ளைகளே.